மேகத்துக்குள் மலை: சிறு விமானங்கள் விழுவது ஏன்?

2016-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி காலை, எட்டு மணிக்குச் சற்று முன்னதாக, நேபாளத்தின் போக்ரா நகரிலிருந்து ஒரு சிறு விமானம் கிளம்பியது. தாரா ஏர் நிறுவனத்தைச் சேர்ந்த ட்வின் ஆட்டர் ரக விமானம் அது. பிரயாணிகள் 20 பேர், சிப்பந்திகள் 3 பேர். போய்ச் சேர வேண்டிய ஊர் ஜோம்சோம். பறக்கும் நேரம் ஏறத்தாழ 20 நிமிடம். விமானம் போய்ச் சேரவில்லை. மியாக்டி மாவட்டத்தில், பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஒரு மலைச்சரிவில் அதன் சிதைவுகள் கிடந்தன. 23 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே பிப்ரவரி மாதத்தில், 16-ந் தேதியன்று, நேபாள ஏர்லைன்ஸின் ட்வின் ஆட்டர் ஒன்று போக்ராவிலிருந்து ஜும்லாவுக்குப் புறப்பட்டு, மோசமான வானிலையில் சிக்கி, அர்க்காகாஞ்சி மாவட்டத்து மலைக்காட்டில் மோதி நொறுங்கியது. அதில் இருந்த 18 பேரும் மாண்டனர். அந்த விமானம் 40 ஆண்டுகளுக்கு மேல் பறந்த கிழட்டு விமானம். ஆகவே "பழைய விமானம், விழுந்தது" என்று சொல்லிவிட்டுப் போவது எளிதாக இருந்தது. ஆனால் 2016-ல் விழுந்த விமானமோ கனடா நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன புத்தம் புதிய விமானம். இரண்டுக்கும் முடிவு ஒன்றாகவே இருந்தது. எனவே கோளாறை இயந்திரத்தில் தேடுவதைவிட வேறிடத்தில் தேடுவதே முறை.

இது எங்கோ அயல் நாட்டில் நடந்த சங்கதி என்று தமிழர்கள் ஒதுக்கிவிட முடியாது. ஜோம்சோம் என்பது முக்திநாத்தின் வாசல். வைணவர்கள் திருச்சாளக்கிராமம் என்று போற்றும் திவ்ய தேசம் அது. தில்லியிலும் மும்பையிலும் வேலை பார்க்கும் தமிழர்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் சமயங்களில், கோரக்பூர் வரை ரயிலிலும், சுனௌலி எல்லை தாண்டி போக்ரா வரை பஸ்ஸிலும் போய், அங்கிருந்து இந்தக் குட்டி விமானத்தைப் பிடிப்பது நெடுநாள் வழக்கம். 2012 மே 14-ந் தேதி ஜோம்சோமில் இறங்க முயன்று, முடியாமல் திரும்புகையில் மலையில் மோதிய அக்னி ஏர் நிறுவனத்தின் டார்னியர் விமானத்தில் இறந்த 15 பேரில் 13 பேர் இந்தியர்கள். 2022 மே 29-ந் தேதி இதே போக்ரா–ஜோம்சோம் வழியில் 22 பேருடன் விழுந்த மற்றொரு ட்வின் ஆட்டரில், மும்பையை அடுத்த தாணேயைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர் நால்வர் இருந்தனர்.

மேலே அல்ல, நடுவே

தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கோ, சென்னைக்கோ போகும் ஜெட் விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் ஏறி, மழையையும் மேகத்தையும் மலையையும் கீழே விட்டுவிட்டுப் போகிறது. உள்ளே காற்றழுத்தம் சரிசெய்யப்பட்டிருப்பதால் மூச்சுக்குத் தொல்லை இல்லை. ட்வின் ஆட்டரில் அந்த ஏற்பாடு கிடையாது. ஆகவே பிரயாணிகளுடன் அது பறக்கும் உயரம் ஏறத்தாழ பத்து, பன்னிரண்டாயிரம் அடிதான். ஜோம்சோம் வழியில் ஒரு பக்கம் 26,500 அடி உயர அன்னபூர்ணா. மறுபக்கம் அதையும் விஞ்சிய தவளகிரி. இரண்டுக்கும் இடையே காளிகண்டகி ஆறு அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு. விமானம் மலைக்கு மேலே பறப்பதில்லை. மலைகளுக்கு நடுவே, சந்தில் போகும் சைக்கிள்போல் வளைந்து வளைந்து போகிறது.

இப்படிப் பறப்பதற்கு விதி ஒன்றுதான்: கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டும். எதிரே மலை தெரிய வேண்டும், கீழே ஆறு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். சமவெளியில் மேகத்துக்குள் புகுந்தால் குலுங்கும், அவ்வளவுதான். இமயத்தில் மேகத்துக்குள் கல் இருக்கிறது.

2016 விபத்தை விசாரித்த நேபாள அரசின் கமிஷன் சொன்ன முடிவும் இதுதான். வானிலை சாதகமாக இல்லாதபோதும், கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய பயணத்தில், விமானிகள் திரும்பத் திரும்ப மேகத்துக்குள் நுழையத் துணிந்தனர். வழக்கமான தடத்தைவிட்டு விலகினர். தாங்கள் இருக்கும் இடம் பற்றிய உணர்வை இழந்தனர் என்பது அறிக்கையின் சாரம். இயந்திரம் கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தது. விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, எந்தப் பழுதும் இல்லாமல், விமானம் நேராக மலையில் போய் மோதியது. உலகெங்கும் மலைப் பிரதேசத்துச் சிறு விமான விபத்துகளில் இந்த ரகம்தான் மீண்டும் மீண்டும் வருகிறது.

மேகத்துக்குள் புகுந்த மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதும் விசித்திரம்தான். உடல் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதைச் சொல்வது கண்ணும், காதின் உட்பகுதியில் உள்ள நீரும். கண்ணுக்கு வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாதபோது, காது பொய் சொல்லத் தொடங்குகிறது. விமானம் மெல்லச் சாய்ந்து வளைந்துகொண்டிருந்தாலும், நேராகப் போவதாகவே தோன்றும். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பயிற்சி உண்டு. ஆனால் மலைச்சந்தில் அதற்கு வேண்டிய இடமும் நேரமும் இல்லை.

எச்சரிக்கை ஒலித்தது

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மலை நெருங்குவதை அறிவிக்கும் கருவி விமானத்தில் இல்லையா? இருந்தது. 2016 விமானத்தில் அது ஒலிக்கவும் செய்தது. ஆனால் இந்த வழியில் நல்ல வெயில் நாளிலும் மலையை ஒட்டித்தான் பறக்க வேண்டும். ஆகவே நல்ல நாளிலும் அது கத்திக்கொண்டே இருக்கும். ஆபீசில் தினமும் காரணமில்லாமல் அடிக்கும் மணியை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? கிடைத்த உதவிகளை, குறிப்பாக அந்த எச்சரிக்கைக் கருவியை, விமானிகள் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கமிஷன் துணைக் காரணங்களில் ஒன்றாகக் குறித்தது. 2022 விபத்தில் நிலைமை இன்னும் மோசம்: விமானம் மேகத்துக்குள் போன நேரத்தில் அந்தக் கருவி செயல்படாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அந்த விபத்தின் விசாரணை அறிக்கை தெரிவித்தது. ஆறு ஆண்டு இடைவெளியில், ஒரே நிறுவனத்தில், ஒரே வழித்தடத்தில் இது நடந்திருக்கிறது. விசாரணைக் கமிஷன்கள் எதற்காக நியமிக்கப்படுகின்றன என்ற சந்தேகம் இந்த இடத்தில் வந்தால் தப்பில்லை.

விமானிகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. ஜோம்சோம் பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏறத் தெற்கிலிருந்து காற்று வலுத்து வீசும். முற்பகல் கடந்தால் சிறு விமானம் இறங்குவது ஆபத்து. அதாவது ஒரு நாளில் பறக்கக் கிடைப்பது காலை நாலைந்து மணி நேரம். அதற்குள் எத்தனை நடை போய் வர முடியுமோ அத்தனை நடைக்குத்தான் வருமானம். காலையில் மேகம் விலகட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒரு நடை போச்சு. மறுபக்கம், நேற்று ரத்தான விமானத்தின் பிரயாணிகளும் இன்றைய பிரயாணிகளும் மூட்டை முடிச்சுகளுடன் நிலையத்தில் காத்திருக்கிறார்கள். இந்த நெருக்கடியில் விமானியின் மனத்தில் ஓடும் கணக்கைக் கறுப்புப் பெட்டி பதிவு செய்வதில்லை.

நேபாளத்தில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ஆணையமே விமான நிலையங்களை நடத்தும் ஸ்தாபனமாகவும் இருந்து வந்திருக்கிறது. பரீட்சை எழுதுகிறவரே தாளைத் திருத்துவதுபோல் இது. 2013 டிசம்பரில் ஐரோப்பிய யூனியன், நேபாள விமான நிறுவனங்கள் அனைத்தையும் தன் வான்வெளியிலிருந்து தடைசெய்தது. ஆணையத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும், பேச்சு காரியமாவதில் தாமதம்தான் கண்டது.

பனி செய்யும் வேலை

குளிர்காலத்துக்கே உரிய இன்னோர் ஆபத்து உண்டு. அதற்குச் சரியான உதாரணம் அமெரிக்காவில் கிடைக்கிறது. 1978 டிசம்பர் 4-ந் தேதி மாலை, கொலராடோ மாநிலத்தில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரிலிருந்து டென்வருக்கு 22 பேருடன் கிளம்பியது ஒரு விமானம். இதுவும் ட்வின் ஆட்டரே. மலைத்தொடரைத் தாண்ட ஏறும்போது இறக்கைகளில் பனிக்கட்டி படியத் தொடங்கியது. இறக்கையின் மேல் படியும் பனியின் எடை பெரிதல்ல. அது இறக்கையின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது என்பதுதான் விபரீதம். வடிவம் கெட்டால் காற்று விமானத்தைத் தாங்காது. போதாக்குறைக்கு, ஆற்றில் பாறையைத் தாண்டும் நீர் மறுபக்கம் சரிந்து விழுவதுபோல, மலைமுகட்டைத் தாண்டிய காற்று கீழ்நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. விமானி திரும்பிவிடத் தீர்மானித்தார். காலம் கடந்துவிட்டது. பஃபலோ கணவாய் அருகே, 10,500 அடி உயரத்தில், விமானம் பனிக்குள் விழுந்தது.

ஆழமான பனி விழுந்த வேகத்தைத் தாங்கிக்கொண்டது. இரவு முழுவதும் பனிப்புயல். பிழைத்தவர்கள் உடைந்த விமானத்துக்குள் ஒருவரையொருவர் அணைத்துக் கிடந்தனர். தேடிச் சென்றவர்கள் மறுநாள் விடியற்காலை அவர்களை அடைந்தபோது பெரும்பாலானோர் உயிருடன் இருந்தனர். விமானியும் ஒரு பிரயாணியும் இறந்தனர். கைக்குழந்தை ஒன்று உள்பட 20 பேர் பிழைத்தனர். இப்படிப்பட்ட விபத்தில் இது அபூர்வம். விசாரணையில் பனியும் கீழ்நோக்கிய காற்றும் முதற் காரணமாகக் கூறப்பட்டன. அத்துடன், கம்பெனியின் சொந்த உத்தரவு அனுமதித்த அளவுக்கு மேற்பட்ட பனி இருக்கக்கூடிய வானத்துக்குள் பறக்க விமானி எடுத்த முடிவும் ஒரு காரணம் என்று எழுதப்பட்டது. கொலராடோவிலும் சரி, காளிகண்டகியிலும் சரி, எல்லாம் "போகலாம்" என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் இத்தகைய விபத்து புதிதல்ல. 1966 பிப்ரவரி 7-ந் தேதி ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் ஃபாக்கர் விமானம் பனிஹால் கணவாயை ஒட்டிய மலையில் மோதி 37 பேர் இறந்தனர். அக்காலத்தில் விமானம் ஏறியவர்கள் அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும்தான். குமாஸ்தா வீட்டுக் குடும்பம் விமான விபத்துச் செய்தியைப் பேப்பரில் படித்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டும்.

இன்று நிலைமை வேறு. வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு-காஷ்மீர், லடாக், அந்தமான் ஆகிய இடங்களுக்கு, விமானப் பிரயாண உரிமை இல்லாத கீழ்நிலை மத்திய அரசு ஊழியர்களும் எல்.டி.சி.யில் விமானத்தில் போய்வரலாம் என்ற தனிச் சலுகை, காலக்கெடு முடிய முடிய நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. (நேபாளத்துக்கு எல்.டி.சி. கிடையாது, முக்திநாத் செலவு சொந்தப் பணம்தான்.) அத்துடன் 2016-ல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தில், ஒரு மணி நேரப் பறத்தலுக்குச் சுமார் 2,500 ரூபாய் என்ற கட்டுப்பாட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி இருக்கைகள் விற்கப்பட்டன. அத்திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27-ல் பறந்ததே மலை நகரமான சிம்லாவிலிருந்துதான். 2022 ஏப்ரல் 12-ல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த 17 பேர் அமரும் டார்னியர், அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்குப் பறக்கத் தொடங்கியது. சாலை வழியே நாள் முழுவதும் இடிபட்டுப் போன இடத்துக்குக் காலைக் காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம் என்பது வரவேற்க வேண்டிய முன்னேற்றம். மலைவாசி மக்களுக்கு, அதிலும் நோயாளிகளுக்கு, இது உயிர்காக்கும் வசதி.

ஆனால் மலை நிலையத்தைத் திறந்து ரிப்பன் வெட்டுவதோடு காரியம் முடிந்துவிடாது. சிக்கிமின் பாக்யோங் விமான நிலையம் சுமார் 605 கோடி ரூபாய் செலவில் அமைக்கப்பட்டு 2018 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 4,500 அடி உயரத்தில், மலையை வெட்டி, பள்ளத்தை நிரப்பி உண்டாக்கிய அற்புதமான நிலையம். திறந்த மறு ஆண்டே மேகமூட்டத்தால் சேவை நின்றது; பிறகும் பலமுறை தொடங்கி நின்றது. "இத்தனை கோடியும் வீண்" என்று கேலி எழுந்தது. கேலி தவறான இடத்தில் விழுந்தது. பார்வை தெரியாதபோது விமானம் பறக்காமல் நின்றதே அந்த நிலையத்தில் சரியாக நடந்த காரியம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஓடுபாதைக்கு இத்தனை கோடி செலவழிக்கிறபோதே, மலைக்கணவாய்களில் தானாக வானிலை அளந்து சொல்லும் கருவிகளுக்கும், கண்காணிப்புக் காமிராக்களுக்கும், மேகத்திலும் வழிகாட்டும் சாதனங்களுக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது?

மானியக் கணக்கிலும் யோசிக்க இடம் இருக்கிறது. உடான் திட்டத்தில் விமான நிறுவனங்களுக்குக் கிடைக்கும் ஈட்டுத்தொகை பறந்த பயணத்தின் இருக்கைக் கணக்கில்தான். வானிலையால் பறக்காத நாளுக்கு ஒன்றும் இல்லை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, மலை வழித்தடங்களில் மட்டும் விபரீதமான தூண்டுதலாக மாறக்கூடும். "இன்று வேண்டாம்" என்று சொல்லும் விமானிக்கு நிறுவனத்தில் திட்டு விழாமல் இருக்க வேண்டுமானால், வானிலைக் காரணமாக ரத்தாகும் நடைகளுக்கும் ஒரு பகுதி ஈடு கொடுப்பது தகும். ஒரு விபத்துக்கு ஆகும் நஷ்டத்தை நினைத்தால் அது பெரிய தொகையல்ல.

மேகம் யாரையும் தெரிந்துகொள்வதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 2021 டிசம்பர் 8-ந் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு, முப்படைத் தளபதி விபின் ராவத்துடன் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததில் அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் புகுந்து, விமானி திசை உணர்வு இழந்ததே காரணம் என்று விமானப்படை 2022 ஜனவரியில் அறிவித்தது. கருவிகளும் அனுபவமும் மிகுந்த படைப்பிரிவுக்கே இந்தக் கதி. கேதார்நாத்தில் 2022 அக்டோபர் 18-ல் நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த ஏழு பேரில் மூவர் தமிழ்நாட்டு யாத்ரீகர்கள். 2025 ஜூன் 15-ல் அதே கேதார்நாத் வழியில், மேகமூட்டமான விடியற்காலையில், மேலும் ஏழு பேர் இறந்தனர்.

ரத்தானால் கோபம்

பிரயாணிகளின் பங்கும் இதில் கொஞ்சம் உண்டு. விமானம் ரத்து என்ற அறிவிப்பு வந்ததும் கவுன்ட்டரில் நடக்கும் கூச்சலை அறியாதவர் இல்லை. அந்தக் கோபத்துக்குக் காரணமும் நியாயமே. பத்து நாள் லீவை ஆறு மாதம் முன்பே சொல்லி வாங்கியவர், திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்தவர், முதலாளியிடம் சம்பளப் பிடித்தத்துக்கு அஞ்சுபவர் என்ன செய்வார்? வானிலையால் ரத்தானால் இந்திய விதிகளின்படி டிக்கெட் பணம் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு விமானம் கேட்கலாம். அதற்கு மேல் நஷ்டஈடு தர நிறுவனம் கடமைப்பட்டதல்ல. போன லீவுக்கும் ஓட்டல் வாடகைக்கும் யாரும் பொறுப்பில்லை.

ஆகவே கணக்கை முன்கூட்டியே போட வேண்டியிருக்கிறது. போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு ஜீப்பும் பஸ்ஸும் போகும் சாலை இருக்கிறது. ஒரு பகல் முழுவதும் ஆகும், இடுப்பு நோகும், மழைக்காலத்தில் மண் சரியும். வயதானவர்களுக்கு அது கஷ்டம் என்பதால்தான் விமானத்தை நாடுகிறார்கள். 12,000 அடிக்கு மேல் இருக்கும் முக்திநாத்துக்கு வயதானவர்கள் ஒரே நாளில் ஏறிப் போவதைவிட, ஜோம்சோமில் ஓர் இரவு தங்கிப் போவது மூச்சுக்கும் நல்லது. தரிசனம் முடிந்து, மறுநாளே கோரக்பூரில் ரயிலைப் பிடிக்கும்படி டிக்கெட் எடுத்தவர், ஜோம்சோம் நிலையத்தில் மலைமேல் இறங்கும் மேகத்தைப் பார்த்து நிமிடத்துக்கு நிமிடம் பதறிக்கொண்டிருப்பார். இரண்டு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் எடுத்தவர், ரத்து அறிவிப்பு வந்ததும் வெளியே போய் ஜீப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பார்.